எண்ணெய்க்குள் குமிழி

முதல் குமிழியைப் பார்த்ததும் பிலோமினா செய்த முதல் காரியம் பின்னால் திரும்பிப் பார்த்ததுதான், யாராவது நிற்கிறார்களா என்று. யாரும் இல்லை. ஆய்வகத்தில் மின்விசிறி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது, வெளியே கல்லூரி மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். இரண்டாவது காரியம் இன்னும் கேவலம். சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல் டிஷ்யூவை எடுத்து அந்தக் கண்ணாடித் தகட்டை அவசர அவசரமாகத் துடைத்தாள், ஆள்காட்டி விரல் நுனி சுட்டது, துடைத்த டிஷ்யூவைக் குப்பைக்கூடையில் போடாமல் சுருட்டித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அதில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது? ஒரு சொட்டு பாரஃபின் எண்ணெய், எள்ளில் பாதிகூட இல்லாத ஒரு படிகம். அதை யார் வந்து கிளறப் போகிறார்கள்? தூத்துக்குடியில் பாதிப் பெண்களுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தவள், துறைத்தலைவி, கடையில் சோப்பு திருடியவள் மாதிரி பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். மூடிய சத்தம் அவளுக்கே கூசியது. இப்போது இரண்டாவது படிகம். புதுத் தகடு, புதுச் சொட்டு. தகட்டைச் சூடாக்கும் சின்ன மேடையில் பொருத்தி, வெப்பம் மெதுவாக ஏறும்படி பொத்தானை அழுத்திவிட்டு, மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தாள். முப்பத்திரண்டு டிகிரி. நூற்று நான்குவரை ஏற வேண்டும். முதல் படிகத்தில் விரிசல் இருந்திருக்கும், விரிசலுக்குள் காற்று இருந்திருக்கும், காற்று சூட்டில் விரிந்து வெளியே வந்திருக்கும், இதற்குப் போய் இவ்வளவு படபடப்பா. இருந்திருக்கும், இருந்திருக்கும் என்று தன் வாய் முணுமுணுப்பது அவள் காதிலேயே விழுந்துகொண்டிருந்தது.

எண்ணெயே போட்டிருக்கக் கூடாது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் போட்டதில்லை, எண்ணெய் போட்டால் படம் மங்கும் என்று அவள்தான் எல்லோருக்கும் தடை போட்டிருந்தாள். ஏ.சி. போன வாரம் படுத்துவிட்டது, மெக்கானிக் நாளைக்கு வாரேன் நாளைக்கு வாரேன் என்று இழுக்கிறான், மேடையின் மேல்மூடிக் கண்ணாடி எப்போதோ உடைந்து மாற்ற வழியில்லாமல் திறந்தே கிடக்கிறது, விசிறியைப் போட்டால் படிகம் பறந்துவிடுகிறது, விசிறியை நிறுத்தினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் மனுஷி நிற்க முடிகிறதா. அதனால் போட்டாள். படிகம் ஓர் இடத்தில் கிடக்கட்டும் என்று ஒரு சொட்டு. நாளைக் காலையில் பேச்சியம்மாளின் வைவா, டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பேச்சி அவளிடம் ஆய்வு செய்யும் மாணவி. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆறுமுகநேரியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, பஸ்ஸிலேயே தலை சீவி, பஸ்ஸிலேயே ஆய்வேட்டைத் திருத்தி முடித்தவள். நாளைக்குத் தேர்வு நடத்தச் சென்னையிலிருந்து எக்ஸ்டர்னல் வருகிறார். போனில் அவர் ஆசையாகத்தான் கேட்டார், "அந்தக் கலர் மாறுறத நான் ஒருதடவ கண்ணால பாக்கணும்மா, வீடியோவுல பாத்தது பத்தல." பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்றுதான் இன்றைக்கு ஒத்திகை பார்க்க உட்கார்ந்தாள். ஒத்திகை பார்க்காமல் இருந்திருக்கலாம். மெக்கானிக் வந்திருக்கலாம். மெக்கானிக் வந்திருந்தால் எண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லாவிட்டால் குமிழி இல்லை, அதாவது குமிழி இருந்திருக்கும், அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. அது இருந்துகொண்டேதான் இருந்தது என்ற இடத்தில் மனசு போய் முட்டிக்கொண்டு நின்றது. விரல் நுனியை உதட்டில் வைத்துக்கொண்டாள். நாற்பத்தொன்று.

வட்டத்துக்குள் படிகம் மஞ்சளாக இருந்தது. வெறுங்கண்ணுக்கு நிறமே கிடையாது, சீனித் துணுக்குப் போல இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளைக் குறுக்காகத் திருப்பினால் மட்டும் இப்படி மஞ்சள் பூக்கும். நூற்று நான்கு டிகிரியில் ஒரு ஓரத்திலிருந்து நீலம் கிளம்பி, மஞ்சளைத் தின்றுகொண்டே மறு ஓரம்வரை போகும். ஆறவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுத்தால் நீலம் போய் மஞ்சள் திரும்பும். திரும்புகிறதே, அதுதான் அவளுக்குக் கிடைத்த பெயர். இந்தப் படிகத்துக்குள் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வரிசையாக நிற்கின்றன, ஹைட்ரஜன் பிணைப்பு என்பது அந்தக் கை. சூடு ஏறினால் கையை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளின் கையைப் பிடிக்கின்றன, ஆறினால் மறுபடியும் பழைய கையையே தேடி வந்து பிடிக்கின்றன, இடையில் படிகம் உடைவதும் இல்லை, ஒரு துளி குறைவதும் இல்லை. அப்படித்தான் எழுதினாள். பெங்களூர் மாநாட்டில் அந்த வீடியோவைப் போட்டபோது மண்டபமே கை தட்டியது. மாநாட்டில் யாரும் வீடியோவுக்குக் கை தட்டமாட்டார்கள். மரியாதைக்குத் தலையாட்டுவார்கள், டீக்கு எழுந்து போவார்கள். அன்றைக்குத் தட்டினார்கள். அன்றைக்குக் கட்டியிருந்த, நீலத்தில் அரக்கு பார்டர் போட்ட புடவையை அதற்குப் பிறகு எல்லா நல்ல காரியத்துக்கும் கட்டினாள், நாளைக்கும் அதைத்தான் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். ஜெர்மனியிலிருந்து ஒருத்தர் எழுதிக் கேட்டார், எங்கள் ஆய்வகத்தில் ஆறவைத்தால் உங்கள் படிகம் திரும்ப மாட்டேனென்கிறதே என்று. அவள் ஐந்து வரியில் பதில் போட்டாள், மரியாதையாகத்தான், ஆனால் அந்த மரியாதைக்குள் ஒரு இளக்காரம் இருந்தது: படிகம் வளர்க்கும்போது இன்னும் கவனம் தேவை. அங்கே உலர்ந்த காற்றில் வைத்துப் பார்த்திருக்கிறார் அந்த மனுஷன். இங்கே தூத்துக்குடியில், ஜன்னலைத் திறந்தால் கடல் வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில், அப்பளம் வறுத்த கையோடு நமத்துப்போகும் ஊரில், அவள் அதைத் திறந்த மேடையில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

தண்ணீர்தான். வேறென்ன. கை கோத்து நின்ற இரண்டுபேருக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு தண்ணீர் மூலக்கூறு நின்று ஆளுக்கொரு கை கொடுத்திருக்கிறது, சூடு பட்டதும் அது வெளியே ஓடியிருக்கிறது, நடுவில் ஆள் இல்லாததால் இரண்டுபேரும் நகர்ந்து நின்றிருக்கிறார்கள், நீலம். ஆறியதும் இந்த ஊர்க் காற்று போன தண்ணீரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது, மஞ்சள். ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வருஷப் பிள்ளைகளுக்கு அவள் செய்துகாட்டும் முதல் சோதனையே மயில்துத்தம்தான். சோதனைக்குழாயில் நீல மயில்துத்தத்தைப் போட்டுச் சூடு காட்டினால் வெளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மறுபடி நீலமாகும், பிள்ளைகள் ஆ என்று வாயைப் பிளப்பார்கள், அவள் கேட்பாள், "என்னட்டி போச்சு, என்ன வந்துச்சு?" தண்ணி மேடம், தண்ணி மேடம் என்று கோரஸாகக் கத்துவார்கள். பதினேழு வயசுப் பிள்ளைகள். அந்தக் கோரஸ் இப்போது காதில் கேட்டது, கேட்டதும் முகம் காந்தியது, தனி அறையில் யாரும் பார்க்காமலே ஒரு மனுஷிக்கு இப்படிக் காது மடல்வரை சூடேறுமா. எடை பார்க்காமல் இல்லை. சூடு ஏற ஏற எடை குறைகிறதா என்று பார்க்கும் எந்திரம் இவர்களிடம் கிடையாது, வெளியூருக்குத்தான் அனுப்ப வேண்டும், அனுப்பினாள், எடை குறைகிறது என்றுதான் முதலில் வந்தது. அவள் என்ன செய்தாள்? ஈரத்தோடு அனுப்பியிருக்கிறாய் என்று பேச்சியைச் சத்தம் போட்டாள். அடுப்பில் நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் அடைத்து அனுப்பு என்றாள். பேச்சி காயவைத்தாள், அடைத்தாள், அனுப்பினாள். போக வேண்டிய தண்ணீரெல்லாம் அடுப்பிலேயே போய்விட்ட பிறகு எந்திரத்தில் என்ன குறையும்? எடை குறையவில்லை என்று தாள் வந்தது. பார்த்தாயா என்று பேச்சியிடம் அந்தத் தாளை ஆட்டிக் காட்டினாள். படிகம் தப்பு பண்ணாது, கைதான் தப்பு பண்ணும், என்றாள். அந்த வசனம் இந்தத் துறையில் பிரசித்தம், பிள்ளைகள் அவளைப் போலவே மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சொல்லிக்காட்டிச் சிரிப்பார்கள், அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமைதான். அறுபத்தெட்டு.

கதவு திறந்த சத்தம் கேட்டதும் எழுந்து, மைக்ரோஸ்கோப்போடு இணைத்த கணினித் திரை அவள் முதுகுக்குப் பின்னால் போகும்படி நின்றுகொண்டாள். பேச்சிதான். கழுத்து வேர்த்து, தோளில் பை, கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. "மேடம், சால்வை ரெண்டு வாங்கிட்டேன், ஒண்ணு அவருக்கு, ஒண்ணு உங்களுக்கு. ஒங்களுக்கு நீலம் எடுத்தேன், அந்தப் புடவைக்குச் சேரும்லா?" என்று ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள். நன்றாயிருக்கு என்றாள் பிலோமினா. "டீக்கு வடையும் மக்ரூனும் சொல்லிருக்கேன். மத்தியானம் மீன் சாப்பாடு சொல்லலாமா, எக்ஸ்டர்னல் சைவமா மேடம்?" தெரியலையே, ரெண்டும் சொல்லிவை. "எங்க வீட்டுக்காரரு லீவு போட்டுட்டாரு. எங்க மாமா, அத்த எல்லாம் வாராங்க. எங்க அத்தைக்கு ஒண்ணும் புரியாது, ஆனாலும் அந்தக் கலர் மாறுறதப் பாக்கணுமாம்." சிரித்தாள். அவளுக்குச் சிரித்தால் வலது கன்னத்தில் மட்டும் குழி விழும், இத்தனை வருஷத்தில் அதை இன்றைக்குத்தான் கவனிக்கிறோமோ என்று பிலோமினாவுக்குத் தோன்றியது, கவனித்தது எதற்கு என்றும் தோன்றியது. "நீங்க சாப்பிட்டீங்களா மேடம், மொகம் ஒருமாதிரி இருக்கு?" சாப்பிட்டேன், நீ போய் ஹாலைப் பாரு, ப்ரொஜெக்டர் வேலை செய்யுதான்னு பாரு. பேச்சி போகும்போது ஒருகணம் மேடையைப் பார்த்த மாதிரி இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது. சாப்பிட்டேன் என்று எதற்குப் பொய் சொன்னேன். டிபன் டப்பா திறக்காமல் மேஜைமேல் கிடக்கிறது, அவள் அதைப் பார்த்திருப்பாள். ஒரு பொய்க்குள் நுழைந்தால் மனுஷருக்குச் சின்னப் பொய்கள் தண்ணி பட்ட பாடாக வந்துவிடுகின்றன.

நாளைக்கு எண்ணெய் போடாவிட்டால் ஒன்றுமே இல்லை. இதை அவள் நினைக்கவில்லை, அதுவாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. விசிறியை நிறுத்திவிட்டால் போதும், புழுக்கத்தை எக்ஸ்டர்னல் பொறுத்துக்கொள்வார். மஞ்சள் நீலமாகும், நீலம் மஞ்சளாகும், சால்வை போர்த்துவார்கள், படம் எடுப்பார்கள், பேச்சிக்கு டாக்டர் பட்டம். அடுத்த மாதம் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் நிரந்தர வேலைக்கு நேர்முகம் இருக்கிறது, பட்டம் இல்லாமல் வாசலில்கூட விடமாட்டார்கள். அந்தப் பிள்ளை வயிற்றிலா அடிப்பது? பேச்சிக்காகத்தான். பேச்சிக்காக என்று சொன்னதும் நெஞ்சில் ஒரு சுகம் பரவியது, அந்தச் சுகத்தைப் பார்த்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது. சின்ன வயசில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது இப்படித்தான். கோயிலில் முழங்கால் போட்டு, சாமியார் காதருகில் தங்கச்சியை அடித்தேன், ஜெபம் சொல்லாமல் தூங்கினேன் என்று சில்லறைப் பாவங்களாகப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுப்பாள். பெரியதை, ரொசாலி டீச்சரின் பேனாவை எடுத்துவிட்டு வேலைக்கார அக்காமேல் பழி விழப் பார்த்துக்கொண்டு நின்றதை, நாக்குக்குக் கீழேயே வைத்துக்கொண்டு எழுந்துவருவாள். சாமியார் மன்னித்து அனுப்புவார். எதை மன்னித்தார்? வெளியே வந்தால் அம்மா, நல்ல பிள்ளை என்று தலையைத் தடவுவாள். எண்பத்தொன்பது. நான் எழுதிய கட்டுரையைப் பார்த்து யாரெல்லாம் எழுதினார்களோ, எத்தனை பிள்ளைகள் எந்தெந்த ஊரில் ஆறவைத்துவிட்டு உட்கார்ந்து மஞ்சள் வரும் மஞ்சள் வரும் என்று பார்த்தார்களோ, வராமல்போனதும் தங்கள் கைதான் தப்பு என்று நினைத்தார்களோ. கைதான் தப்பு பண்ணும். விரல் நுனியில் ஒரு சின்னக் கொப்புளம் எழும்பியிருந்தது, அமுக்கினால் உள்ளே நீர் நகர்ந்தது, அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். வராமல் போகட்டும் மாதாவே, இந்த ஒரு தடவை மட்டும் வராமல் போகட்டும். தொண்ணூற்றேழு. விரிசல் இல்லாத படிகமாகத்தான் பொறுக்கி எடுத்தேன், பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன், இதில் வந்தால் பிறகு ஒன்றும் சொல்ல முடியாது. நூற்று இரண்டு. மஞ்சள் அப்படியே இருக்கிறது. நூற்று நான்கு. மஞ்சள். நூற்று ஐந்து, மஞ்சள், அட, மாறவே இல்லையே, எண்ணெயில் எதுவுமே நடக்கவில்லையே என்று ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் தலைக்கேறும்போது, படிகத்தின் கீழ் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்த்தது. நீலத்தின் விளிம்பிலிருந்து ஒரு குமிழி கிளம்பியது. பிறகு ஒன்று. பிறகு சரமாக, நிதானமாக, அவசரமே இல்லாமல், ஒன்றன்பின் ஒன்று எண்ணெயின் மேலே வந்து உடைந்தன.

"எண்ணெய் போட்டீங்களா மேடம்?"

குரல் தோளுக்குப் பின்னால் கேட்டது. பேச்சி எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. மஞ்சள் பையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள், அதை எடுக்கத்தான் வந்திருப்பாள். திரையில் குமிழிகள் பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தன, முதுகால் மறைக்கவும் நேரமில்லை. பிலோமினாவுக்கு அந்தக் கேள்வி மண்டையில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இது என்ன மேடம் என்று கேட்கவில்லை. ஏன் நுரைக்கிறது என்று கேட்கவில்லை. எண்ணெய் போட்டீர்களா என்று கேட்கிறாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றாள்.

பேச்சி பையின் காதை விரலில் சுற்றினாள். "போன வருசத்துக்கு முந்துன வருசம் மேடம். படிகம் நவுந்துக்கிட்டே இருந்துச்சுன்னு ஒரு தடவ போட்டுட்டேன். நீங்க போடக் கூடாதுன்னு சொல்லிருந்தீங்க, நாந்தான் போட்டுட்டேன்." மன்னிப்புக் கேட்கிற குரல். குமிழிக்கு அல்ல, எண்ணெய்க்கு. "சொல்லணும்னு ஒங்க ரூம் வாசல்வர வந்தேன் மேடம். நீங்க உள்ள லிண்டாவ ஏசிக்கிட்டு இருந்தீங்க. படிகம் தப்பு பண்ணாதுன்னு. அவ அழுதுக்கிட்டு வெளிய வந்தா. நான் அப்படியே போய்ட்டேன். பெறகு சொல்ல வரல."

பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்தாள். இன்னொரு மாணவி லிண்டாவைச் சத்தம் போட்டது ஞாபகத்துக்கு வரவில்லை, எத்தனையோ பேரைச் சத்தம் போட்டிருக்கிறாள், எந்த நாள் என்று தேடுவது. இரண்டு வருஷமாக இந்தப் பிள்ளை பஸ்ஸில் இதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறது, போயிருக்கிறது, பிள்ளை பெற்றிருக்கிறது, ஆய்வேட்டில் திரும்பும் திரும்பும் என்று எழுதியிருக்கிறது, அவள் அதில் சிவப்பு மையால் கமா திருத்தியிருக்கிறாள்.

"பயப்படாதீங்க மேடம்," என்றாள் பேச்சி. அவள் அருகில் வந்து, தோளைத் தொடலாமா என்று யோசித்த கை பாதியில் நின்றது. "எண்ணெய் போடாட்டா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நான் ரெண்டு வருசமா அப்பிடித்தான பாத்துக்கிட்டு வாரேன். நாளைக்கு ஃபேன மட்டும் அமத்திருவோம்." சொல்லிக்கொண்டே மேடையை அணைத்தாள். வெப்பம் இறங்கும்வரை பதறாமல் நின்றாள், டிகிரியைப் பார்த்தாள், வாயால் ஊதினாள், பிறகு டிஷ்யூவை எடுத்துத் தகட்டை ஒரே இழுப்பில் துடைத்தாள். விரல் சுடவில்லை, பழகிய கை. டிஷ்யூவைச் சுருட்டினாள், குப்பைக்கூடையில் போடவில்லை, தன் தோள்பையைத் திறந்து உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அந்த ஜிப் சத்தத்தைப் பிலோமினாவால் தாங்க முடியவில்லை. இதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மயில்துத்தம் சொல்லிக்கொடுத்தேன், படிகம் வளர்க்கச் சொல்லிக்கொடுத்தேன், இதையும் ஒரு வார்த்தை பேசாமல் நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேஜையிலிருந்த தன் கைப்பையை இழுத்தாள், திறந்தாள், கசங்கிய டிஷ்யூவை எடுத்து இரண்டுபேருக்கும் நடுவில் வைத்தாள். எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"இது மொதப் படிகத்துல உள்ளது," என்றாள். "நானும் ஒளிச்சு வச்சிருந்தேன். ஒன் டிஷ்யூவ வெளிய எடு, பேச்சி."

பேச்சி அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல ஜிப்பைத் திறந்து தன்னுடையதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"நாளைக்கு எண்ணெய் போட்டுத்தான் காட்டணும். நான் போடுதேன், நான் காட்டுதேன். நாந்தான் தப்பா எழுத வச்சேன்னு எல்லார் முன்னாலயும் நாந்தான் சொல்லுவேன். நீ வாயத் தெறக்க வேண்டாம். எழுதுனத மாத்தி எழுதணும், மறுபடி குடுக்கணும்."

"அப்ப நாகர்கோவில் வேலை மேடம்?"

அந்த வேலை போய்விடும், இரண்டுபேருக்கும் தெரியும். விசிறி கடகடத்தது. பேச்சிக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "எங்க அத்தையெல்லாம் வண்டி பேசிட்டாங்க," என்றாள், "மீனுக்கும் சொல்லிட்டேன்."

"வரட்டும். சாப்பிடட்டும். ஒங்க அத்தைக்குப் பக்கத்துல நான் உக்காந்து சொல்லுதேன்." சொல்லிவிட்டு, பழக்கத்தில் கண்ணை மைக்ரோஸ்கோப்பின் பக்கம் திருப்பினாள். மேடையில் வெறும் கண்ணாடிதான் இருந்தது. பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு, வேறு வழியில்லாமல், நிமிர்ந்து பேச்சியின் முகத்தைப் பார்த்தாள்.